நாஸ்கா கோடுகளின் மேல் அரை மணி நேரம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

தென் அமெரிக்க நாடான பெருவின் பாலைவனத் தரையில் பழங்கால மக்கள் போட்ட பிரம்மாண்டமான கோடுகளும் உருவங்களும்தான் நாஸ்கா கோடுகள். பெருவுக்குப் போகிறவர்கள் நாஸ்கா பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, அந்தச் சின்ன விமானத்தில் ஏறத்தான் வேண்டுமா என்பது. ஏறுங்கள், காசு தகும். ஆனால் ஊரில் இறங்கியதும் நேரே விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். ஒரு நாள் தரையில் சுற்றி அந்தக் கோடுகளைப் பக்கத்தில் பாருங்கள், மறுநாள் காலையில் மேலே போங்கள். இந்த வரிசையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சவாரி விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. லிமாவில் விடிவதற்கு முன்னால் வண்டி ஏற்றி, சுமார் 400 கிலோமீட்டர் கொண்டுபோய், அரை மணி நேரம் பறக்கவிட்டு, இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவர்களுக்கு வசதி. அப்படிப் போய் வந்தவர்கள் பலர் ‘படத்தில் பார்த்ததுதான், இன்னும் சின்னதாக இருந்தது’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை, அவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

நான் நில அளவைத் தொழிலில் இருப்பவள். கம்பு நட்டு, கயிறு பிடித்து, வெயிலில் ஒற்றைக் கண்ணால் நேர் பார்த்தே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அதனால் மற்றவர்கள் குரங்கையும் சிலந்தியையும் தேடும் இடத்தில் என் கண் நேர்கோடுகளின் மேல்தான் போகும். இந்த மதிப்பீடு முழுக்க அந்தச் சாய்வு இருக்கும்.

முதலில் சவாரி. நாஸ்கா ஊரை ஒட்டியே விமான நிலையம் இருக்கிறது. இந்தக் கோடுகளுக்காகவே வாழ்ந்த மரியா ரைஷேயின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். பல நிறுவனங்கள் பறக்கின்றன. நாங்கள் போன நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பாதை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், விமானங்களும் ஒரே வகைதான்: நாலைந்து பேர் உட்காரும் சின்னச் செஸ்னா, இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் கேரவன். கட்டணம் ஆளுக்கு நூறு டாலருக்கு முன்னே பின்னே இருக்கும். எந்தப் பருவம், எங்கே பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். இது போக விமான நிலைய வரியைத் தனியாக, அங்கேயே, சோல் பணத்தில் கட்ட வேண்டும். அதைப் பதிவு செய்யும்போது தெளிவாகச் சொல்வதில்லை, கையில் உள்ளூர்ப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கட்டாயம். அப்புறம் ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றி நிறுத்துவார்கள். சின்ன விமானத்தில் இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்க வேண்டும் என்பதால் யார் எங்கே உட்காருவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஜன்னல் இருக்கை வேண்டும் என்று சண்டை போட அவசியமில்லை. சின்ன விமானத்தில் பயணிகள் எல்லோருக்குமே ஜன்னல்தான்.

எங்களுக்குக் காலை எட்டு மணி என்று சொல்லியிருந்தார்கள். ஏறியபோது பதினொன்றரை ஆகிவிட்டது. காலையில் பாலைவனத்தின் மேல் மூட்டம் இருந்தால் அனுமதி கிடைக்காது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மூட்டம் விலகிய பிறகும், பின்னால் வந்த பெரிய குழு ஒன்றை முன்னால் அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டதற்குச் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தாமதம் ஆக ஆக இரண்டு நஷ்டம். ஒன்று, வெளிச்சம். வெயில் சாய்வாக விழும்போது கோடுகளின் ஓரத்தில் குவித்த கற்களுக்கு மெல்லிய நிழல் கிடைக்கும், அந்த நிழல்தான் கோட்டை எடுத்துக் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் வெளிறிப் போகிறது. இன்னொன்று, காற்று. தரை சூடானதும் விமானம் தூக்கிப் போட ஆரம்பிக்கும். அதனால் பதிவு செய்யும்போதே கிடைக்கிற முதல் நேரத்தைக் கேளுங்கள். தாமதம் ஆனால் மறுநாள் காலைக்கு மாற்றித் தருவார்களா என்பதையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குமட்டல் பற்றி நேராகவே சொல்கிறேன். ஒவ்வோர் உருவத்தின் மேலும் விமானி இறக்கையை நன்றாகச் சாய்த்து ஒரு வட்டம் அடிப்பார், வலப்பக்கத்தில் இருப்பவர்களுக்காக. உடனே மறுபக்கம் சாய்த்து இன்னொரு வட்டம், இடப்பக்கத்துக்காக. ஒரு டஜன் உருவங்களுக்கும் இப்படியே நடக்கும். கூட வந்த என் தம்பிக்குக் குரங்கு வருவதற்குள்ளேயே முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, நீ பாரு, நான் கண்ணை மூடிக்கிறேன்” என்றவன் இறங்கும்வரை திறக்கவே இல்லை. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தான். குமட்டலுக்கான மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஏறுவது நல்லது. உங்கள் பக்கத்து வட்டம் அல்லாதபோது கேமராவை இறக்கிவிட்டு அடிவானத்தைப் பாருங்கள். கேமரா வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

பார்த்தது என்ன? முதலில் திமிங்கிலம், அடுத்துச் சரிவகங்களும் முக்கோணங்களும். பிறகு ‘விண்வெளி வீரர்’ என்று பெயர் வைத்துவிட்ட அந்த உருவம். அது மலைச் சரிவில் இருப்பதால் சட்டென்று கண்ணில் படுகிறது. சுமார் 30 மீட்டர் உயரம், உருண்டைக் கண், ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது. அப்புறம் வால் சுருண்ட குரங்கு, நாய், காண்டோர் கழுகு, சிலந்தி, தேன்சிட்டு, கழுத்து மின்னல் போல ஒடிந்து ஒடிந்து 280 மீட்டருக்கும் மேல் நீளும் பறவை, கிளி, கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்தில் கைகளும் மரமும். தேன்சிட்டு உண்மையில் 90 மீட்டருக்கும் மேல் நீளம், மேலிருந்து பார்த்தால் உள்ளங்கை அளவுதான். முதல் பார்வையில் ஏமாற்றமாகத் தோன்றும். கண் பழகியதும் அதன் ஓரம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது தெரியும். சின்ன ஜூம் உள்ள கேமரா போதும். இல்லையென்றால் படமே எடுக்காமல் பாருங்கள், நல்ல படங்கள் உலகில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன.

விமானிகள் திறமைசாலிகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இறக்கையின் நுனி சரியாக உருவத்தைத் தொடும்படி சாய்க்கிறார்கள். என் மனக்குறை ஹெட்போனில் கேட்ட வர்ணனை மேல். ‘வலது பக்கம், குரங்கு, குரங்கு, இறக்கைக்குக் கீழே. இப்போது இடது பக்கம், குரங்கு.’ முழுப் பயணமும் இவ்வளவுதான். ஓர் உருவத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கீழே என்ன போய்க்கொண்டிருக்கிறது என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுவில் போவதுதான் நாஸ்கா! வழக்கமாகச் சொல்லும் கணக்கில் விலங்கும் செடியுமாக இருப்பவை 70 அளவில்தான். வடிவியல் உருவங்கள் சுமார் 300. நேர்கோடுகளோ 800க்கும் மேல். கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன, மேடு வந்தாலும் விலகாமல் ஏறி இறங்கி அதே திசையில் போகின்றன. சில இடங்களில் பத்து, பதினைந்து கோடுகள் ஒரு சின்னக் குன்றில் வந்து சேர்ந்து, அங்கிருந்து விசிறிப் பிரிகின்றன. இப்படிப்பட்ட சந்திப்புகள் மட்டும் 60க்கும் மேல் இருப்பதாக ஆய்வாளர் அந்தோணி அவெனி பதிவு செய்திருக்கிறார். விமானத்தில் யாரும் அதைச் சுட்டிக் காட்டுவதில்லை. கையில் கொடுக்கும் வரைபடத்திலும் விலங்குகள் மட்டுமே எண் போட்டு இருக்கின்றன.

ஆகவே, அடுத்த உருவம் எங்கே என்று தேடும் நேரத்தில் கீழே பாருங்கள். கேப்டன் பேசாத அந்த நிமிடங்களில்தான் எனக்குக் கொடுத்த காசு திரும்பி வந்தது.

இனி தரை. நான் முதல் நாளைத் தரைக்கு ஒதுக்கியிருந்ததால்தான் மேலே போனபோது எதைப் பார்க்கிறேன் என்று புரிந்தது. ஊரிலிருந்து வடக்கே, பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் பார்வைக் கோபுரம் வரும். 1976-ல் மரியா ரைஷே தன் சொந்தச் செலவில் இந்த இடத்தில் கோபுரம் எழுப்பினார். மக்கள் கோடுகளைப் பார்க்க ஆசைப்பட்டு அவற்றின் மேலேயே நடந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. நுழைவுக் கட்டணம் சில சோல்கள்தான். டாக்ஸி பேசிக்கொண்டு போகலாம், இக்கா போகும் பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொள்ளவும் முடியும். மேலிருந்து கைகளும் மரமும் தெரியும். கைகளில் ஒன்றுக்கு நாலு விரல்தான். பக்கத்தில் பல்லி இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. சுமார் 180 மீட்டர் நீளமுள்ள அந்தப் பல்லியின் உடம்பைக் குறுக்காக வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போகிறது. சாலை போட்டவர்களுக்கு அங்கே உருவம் ஒன்று இருப்பதே தெரியாது. லாரிகள் அதன் மேல் போய்க்கொண்டே இருக்கின்றன. அளவைத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் அந்த இடத்தில் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்பேன். பாதை குறிக்கும் முன்னால் தரையைப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

கோபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இயற்கையான குன்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பலர் போவதில்லை, வண்டிக்காரர்களும் தாமாக நிறுத்துவதில்லை. கேட்டு நிறுத்துங்கள். கோபுரம் உருவங்களைக் காட்டும், குன்று நேர்கோடுகளைக் காட்டும். குன்றின் அடியிலிருந்து கோடுகள் கிளம்பி அடிவானம்வரை போவது கண்ணுக்கு எதிரே தெரியும். 2020-ல், பார்வையிடும் குன்று ஒன்றில் பாதை சீரமைக்கும் வேலை நடந்தபோதுதான், சரிவில் மங்கிக் கிடந்த பூனை உருவம் ஒன்று அகப்பட்டது. 37 மீட்டர் நீளம். நாஸ்காப் பண்பாட்டுக்கும் முந்தைய பராகஸ் காலத்தின் கடைசியில் போட்டது என்று கணித்தார்கள். அத்தனை பேர் ஏறி இறங்கிய பகுதியில் அது அத்தனை நாள் இருந்திருக்கிறது!

தரையில் நின்றால் கோடு போட்ட விதமும் புரிந்துவிடும். மேலே கிடப்பவை இரும்பு ஆக்சைடு படிந்து கருஞ்சிவப்பாகிப் போன கற்கள். அவற்றைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கினால் அடியில் வெளிர் மஞ்சள் மண். பெரும்பாலான கோடுகளின் ஆழம் 10 முதல் 15 சென்டிமீட்டர்தான். இவ்வளவு மேலோட்டமான கீறல் இரண்டாயிரம் ஆண்டு நிற்பதற்குக் காரணம் அங்கே மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்வதில்லை என்பதே. இந்தக் கோடுகள் பெரும்பாலும் பொ.மு. 500-க்கும் பொ.ஆ. 500-க்கும் இடையில் உருவானவை.

இவ்வளவு நேராக எப்படிப் போட்டார்கள், மேலிருந்து யாராவது வழி சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் தொழில் ஒரு பதில் வைத்திருக்கிறது. இரண்டு கம்பை நடுங்கள். மூன்றாவது கம்பை, முதல் இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்கும் இடத்தில் நடுங்கள். முதல் கம்பைப் பிடுங்கி மூன்றாவதற்கு அப்பால் கொண்டுபோய் அதே மாதிரி நடுங்கள். நாள் முழுக்க இப்படியே போகலாம், குன்று வந்தாலும் போகலாம். இன்றைக்கும் ரேஞ்சிங் ராடு வைத்து நாங்கள் செய்வது இதைத்தான். சில கோடுகளின் முனையில் பழைய மரக்கழிகள் கிடைத்திருக்கின்றன, அதில் ஒன்றைக் கரிமக் காலக்கணிப்புக்கும் உட்படுத்தியிருக்கிறார்கள். வளைவுகளுக்குக் கயிறும் முளையும் போதும். சில உருவங்களுக்குப் பக்கத்திலேயே அவற்றின் சிறிய முன்வரைவுகளைக் கண்டதாக ரைஷே எழுதியிருக்கிறார். 1982-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜோ நிக்கல் என்பவர் சில உறவினர்களைச் சேர்த்துக்கொண்டு, முளைகளும் கயிறும் எளிய மரச்சட்டமும் வைத்து, 134 மீட்டர் காண்டோர் கழுகை அதே அளவில் வயலில் வரைந்து காட்டினார். விண்வெளியிலிருந்து வந்தவர்களின் ஓடுதளம் என்று விமான நிலையத்துக் கடைகளில் இன்னமும் பொம்மையும் சட்டையும் விற்கிறார்கள். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது. வெயிலில் நின்று கம்பு நட்ட மனிதர்களின் உழைப்பை, வேலையின் நேர்த்தியைப் பார்த்தே, வேறு யாருக்கோ எழுதிக் கொடுப்பது நியாயமில்லை.

பார்வைக் கோபுரத்திலிருந்து இன்னும் வடக்கே, அதே சாலையில், ரைஷே வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. நாஸ்காவில் நான் செலவழித்த பணத்திலேயே மிகச் சிறிய தொகை இதற்குத்தான், மிக அதிகம் கிடைத்ததும் இங்கேதான். 1903-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்து, கணிதம் படித்து, 1932-ல் பெருவுக்கு வந்தவர். அமெரிக்க ஆய்வாளரான பால் கோசோக் 1941 ஜூன் 22 அன்று, தென்கோளத்தின் மிகக் குறுகிய பகலில், சூரியன் ஒரு கோட்டின் முனையில் மறைவதைக் கண்டார். ‘உலகின் மிகப் பெரிய வானியல் புத்தகம்’ என்று அவர் இதைச் சொன்னார். அவரிடமிருந்து இந்த வேலையை எடுத்துக்கொண்ட ரைஷே அதைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய அறையும், கருவிகளும், கையால் வரைந்த படங்களும், பழைய ஃபோக்ஸ்வாகன் வேனும் அந்த வீட்டில் இருக்கின்றன. வரைபடங்களின் முன்னால் நெடுநேரம் நின்றேன். டேப்பும் கோணமானியும் ஏணியும் வைத்துக்கொண்டு எடுத்த அளவுகள்! கோடுகளில் சரிந்து கிடந்த கற்களையும் மண்ணையும் துடைப்பத்தால் பெருக்கி எடுத்ததால் ஊரார் அவரைப் பித்துப் பிடித்தவர் என்று பேசியதுண்டு. குரங்குக்கு ஒன்பது விரல்கள். ஒரு தொற்றில் விரல் ஒன்றை இழந்ததால் ரைஷேவுக்கும் ஒன்பதுதான். 1998-ல் காலமானார், அந்த வீட்டுத் தோட்டத்திலேயே அவர் சமாதி இருக்கிறது. அங்கே எந்த அவசரமும் காட்டாதீர்கள். பல வண்டிக்காரர்கள் பத்து நிமிடம் என்று சொல்லித்தான் இறக்கிவிடுவார்கள், முன்கூட்டியே ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள்.

கோடுகள் வானத்தைப் பார்த்துக் காலம் கணிக்கப் போட்டவை என்ற ரைஷேயின் விளக்கம் முழுசாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960களின் இறுதியில் வானியலாளர் ஜெரால்ட் ஹாக்கின்ஸ் கோடுகளின் திசைகளைக் கணினியில் போட்டு, சூரிய, சந்திர, நட்சத்திர நிலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தற்செயலாக அமையக்கூடிய அளவைத் தாண்டிப் பொருத்தம் எதுவும் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் இந்தப் பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஊரில் அவர் நெடுங்காலம் தங்கியிருந்த ஹோட்டலில் இரவு நேரத்தில் கோளரங்கக் காட்சி ஒன்று நடக்கிறது. தொலைநோக்கி வழியாகத் தென்வானம் பார்க்கக் கிடைப்பதற்காகவே போகலாம்.

இன்றைய ஆய்வாளர்கள் பலர் இந்தக் கோடுகளை நடப்பதற்கானவையாகத்தான் பார்க்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். தேன்சிட்டையும் குரங்கையும் கவனித்தால், கோடு எங்கேயும் தன்னை வெட்டிக்கொள்ளாமல் ஒரே ஓட்டமாகப் போகும். ஒரு பக்கம் நுழைந்து, உருவம் முழுக்கச் சுற்றி, இன்னொரு பக்கம் வெளியே வரலாம். கிளைவ் ரகிள்ஸ், நிக்கோலஸ் சாண்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பாலைவனத்தில் 1,500 கிலோமீட்டர் நடந்தே பார்த்திருக்கிறார்கள். 4.4 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதை ஒன்றை விவரித்திருக்கிறார்கள், நடக்க நடக்கத்தான் அதன் வடிவம் தெரியும். நாஸ்காவுக்கு வடக்கே இருக்கும் பல்பா பகுதியில் தொல்லியலாளர்கள் மார்கஸ் ரைண்டல், ஜோனி இஸ்லா குழுவினர் கோடுகளின் முனைகளில் இருந்த கல் மேடைகளில் உடைந்த பானைகளையும், வடக்கே வெதுவெதுப்பான கடலில் மட்டும் கிடைக்கும் ஸ்பாண்டிலஸ் சிப்பிகளையும் கண்டெடுத்தார்கள். ஆண்டிஸ் பகுதியில் அந்தச் சிப்பி தண்ணீரோடும் வளத்தோடும் சேர்த்து எண்ணப்பட்டது. ஆக, தண்ணீரை வேண்டிக் கூட்டமாக நடந்தவர்களின் தடங்கள் இவை என்ற விளக்கம் எனக்கு மிகவும் பொருந்தி வருகிறது.

தண்ணீர் என்றால் அங்கே என்ன பொருள் என்று புரிய, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் காண்டயோக்கில் உள்ள புக்கியோக்களைப் பாருங்கள். நிலத்தடி நீரைச் சுரங்க வாய்க்கால் வழியாக வயலுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. ஆங்காங்கே சுருள் வடிவத்தில் கல் அடுக்கிய பள்ளங்கள் கீழே இறங்கிப் போகின்றன. வாய்க்காலைத் துப்புரவு செய்ய உள்ளே போக அதுதான் வழி. இன்னமும் தண்ணீர் ஓடுகிறது, விவசாயத்துக்கும் பயன்படுகிறது. சவாரி நிறுவனங்கள் இதை ‘கூடுதல் இடம்’ என்று சேர்த்து விற்கின்றன. என்னைக் கேட்டால் விமானத்துக்குச் சமமாக வைப்பேன். ஊருக்குள் இருக்கும் அந்தோனினி அருங்காட்சியகமும் நல்லது. கோடுகளில் உள்ள பறவையும் திமிங்கிலமும் நாஸ்காப் பானைகளில் வண்ணத்தோடு இருப்பதை அங்கே பார்த்துவிட்டால் இரண்டும் ஒரே மக்களின் கைவேலை என்பதில் சந்தேகம் வராது.

பாதுகாப்பு பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2010-ல் மட்டும் பிப்ரவரியில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு சுற்றுலா விமானங்கள் விழுந்து, முறையே ஏழு பேரும் ஆறு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் கடுமையாயின, இப்போது இரண்டு விமானிகள் ஏறுகிறார்கள். ஆனாலும் 2022 பிப்ரவரியில் இன்னொரு செஸ்னா விழுந்து அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் ஏறினேன். இரண்டு விமானிகளும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். தெருவில் நின்று பாதி விலை என்று கூப்பிடுகிறவர்களிடம் வாங்காதீர்கள். மனசுக்குப் பயமாக இருந்தால் ஏற வேண்டாம், கோபுரமும் குன்றும் ரைஷே வீடும் புக்கியோவும் ஒரு நாளை முழுசாக நிறைக்கும்.

விமானத்தில் பார்க்க முடியாதவையும் நிறைய இருக்கின்றன. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாட்டோ சகாய் குழு, 2024-ல் செயற்கை நுண்ணறிவு உதவியோடு 303 புதிய உருவங்களை அடையாளம் கண்டதாக வெளியிட்டது. அதுவரை தெரிந்திருந்த உருவங்கள் 430. இரண்டு வகை இருப்பதாக அவர்கள் பிரிக்கிறார்கள். பெரிய கோட்டுருவங்களில் பெரும்பாலும் காட்டு விலங்குகள், அவை நேர்கோடுகளின் பக்கத்தில் இருக்கின்றன. சராசரியாக 9 மீட்டர் மட்டுமே உள்ள சின்ன உருவங்களில் மனிதர்கள், வெட்டிய தலைகள், லாமா போன்ற வளர்ப்பு விலங்குகள். அவை ஒற்றையடிப் பாதைகளின் ஓரத்தில், நடந்து போகிறவர் பார்க்கும்படி இருக்கின்றன. சவாரியில் இவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. உயரத்திலிருந்து காட்டுவது கஷ்டம், சரி, கையில் கொடுக்கும் தாளில் நாலு வரி அச்சடிப்பது கஷ்டமில்லையே.

அச்சடிக்கும்போது இன்னொன்றையும் சேர்க்கலாம். 2014 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைப்பினர் சிலர் வாசகம் விரிக்கத் தேன்சிட்டுக்குப் பக்கத்தில் நடந்த காலடித் தடங்கள் அப்படியே பதிந்துபோயின. 2018-ல் ஒரு லாரி சாலையை விட்டு இறங்கி மூன்று கோடுகளில் ஏறியது. 2025 மே மாதம் அரசு, பாதுகாக்கப்பட்ட பரப்பைச் சுமார் 5,600 சதுர கிலோமீட்டரிலிருந்து 3,200 அளவுக்குக் குறைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. அந்தப் பகுதியில் முறைகேடான சுரங்கம் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இந்தப் பயம் தீரவில்லை. நாளெல்லாம் அந்த மண்ணின் மேல் பறந்து சம்பாதிக்கும் நிறுவனங்கள் இதைப் பயணிகளிடம் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

கடைசியாக, பல்பா கோடுகளையும் சேர்த்துக் காட்டும் நீண்ட சவாரி ஒன்று விற்கிறார்கள். விலை நன்றாகக் கூடும், வட்டங்களும் கூடும். தம்பி போன்றவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்து டாக்ஸி பேசிக்கொண்டு பல்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் யிபாட்டா பார்வை மேடைக்குப் போங்கள். எதிரே மலைச் சரிவில், தலையில் கதிர் போன்ற அணியோடு நிற்கும் மனித உருவங்கள் தெரியும். நாஸ்கா சமவெளியில் உள்ளவற்றைவிட அவை பழையவை, பராகஸ் காலத்தவை. சரிவில் இருப்பதால் அவற்றைப் பார்க்க விமானம் எதுவும் தேவையில்லை, கீழே பள்ளத்தாக்கில் வயல் வேலை செய்கிறவர்களுக்கும் அவை தெரியும். மாலையில் போங்கள், வெயில் சாயும்போது நன்றாகத் தெரிகிறது. திரும்பி வர வண்டியைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வேறு வண்டி பிடிப்பது சிரமம்.